‘இன்னாது இது?’ என்று கேட்கும் குரலுக்கு

என் அன்பு ஜெசி,

நீ தி.நகரில் இருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

உன்னைப் புதைத்த அன்று நானும் ஒரு பிடி மண் போட்டவள்தான். மழையில் ஊறிய மண், கையை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், அத்தை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அம்மாவோடு ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனேன். லிஃப்டில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கதவு மூடியதும் நீ பேசினாய்.

"இரண்டாம் தளம். பட்டுப் புடவைகள்."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லிஃப்ட் பேசுவதெல்லாம் இப்போது சகஜம். நான் மட்டும் தலைக்கு மேல் இருந்த ஓட்டை போட்ட தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'பட்டு' என்று சொல்லும்போது நாக்கைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவாயே, அது அப்படியே இருந்தது. அம்மா இறங்கிவிட்டாள். நான் இறங்கவில்லை. மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். குழந்தைகள் உடை என்றாய். உணவகம் என்றாய். கதவுகளைக் கவனிக்கவும் என்றாய். கவனித்தேன் ஜெசி. நீதான்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்குப் பேய்க் கதை மாதிரி இருக்கும். அவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

நம் சரவணனிலிருந்து ஆரம்பித்தது இது. பட்டினப்பாக்கத்துக்காரன், பிறந்ததிலிருந்து பார்வை இல்லாதவன், நந்தனத்தில் கல்லூரியில் வரலாறு படித்தான். அவன் பாடங்களைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். அந்தக் குரல் தமிழை வாசிக்கிற லட்சணத்தைக் கேட்டுவிட்டு நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

"இது படிக்கலக்கா, என்னிய ஏதோ கேஸ்ல உள்ள தள்றதுக்கு மெரட்டுது," என்றான் சரவணன்.

நல்ல குரல்கள் இருந்தன. கம்பெனிகள் விற்றன. அவன் வாங்க முடியாத இடத்தில் விற்றன. நீ ஒரு வாய் டீ குடித்துவிட்டு, ஏதோ பேனா கடன் கொடுப்பது மாதிரி, "என் வாய்ஸ எடுத்துக்கோடா," என்றாய்.

ஸ்டூடியோவுக்கு நாம் எங்கே போக? எதிரொலி வராத இடம் வேண்டும் என்று வீடெல்லாம் தேடி, கடைசியில் உன் அம்மாவின் பீரோவைத் திறந்தாய். தொங்கும் புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு வாசித்தாய். நான் வெளியே உட்கார்ந்து லேப்டாப்பில் பதிவு செய்தேன். கடல் சத்தம் அடங்காது. கோவில் மணி அடித்தால் நிறுத்த வேண்டும். 'ஒன்பது' என்ற சொல்லுக்குப் பின்னால் இன்றைக்கும் மெல்லிசாக ஒரு மணி கேட்கிறது. அது சாந்தோம் சர்ச் மணி என்று யாருக்குத் தெரியும்?

நீ வாசித்த வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைப்போம். எந்தச் சொல் வந்தாலும் கம்ப்யூட்டர் அந்தத் துண்டுகளை எடுத்து ஒட்டிப் பேசும். நீ வாழ்நாளில் சொல்லியிராத சொல்லைக்கூட உன் குரலிலேயே சொல்லும். இந்த வித்தை எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாக இருந்தது. உனக்கு விளையாட்டாக இருந்தது.

கடைசியாக ஒரு கேள்வி வந்தது. கம்ப்யூட்டருக்குப் புரியாத குறி ஏதாவது வந்தால் என்ன செய்வது? ஒரு பொம்மைப் படம், ஒரு புதுச் சின்னம். மற்ற குரல்கள் அந்த இடத்தில் வாய் திறக்காமல் தாண்டிப் போய்விடும். நாமும் அப்படியே விட்டுவிடலாம் என்றேன். நீ புடவைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாய்.

"தாண்டிப் போனா, அங்க ஒண்ணு இருக்குன்னே சரவணனுக்குத் தெரியாம பூடும்டி. தெரியலன்னா கேக்கணும்."

மறுபடி தலையை உள்ளே விட்டு, பதிவு செய்தாய். "இன்னாது இது?"

அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த உன் அம்மா எழுந்து வந்துவிட்டார். சர்ச் நடத்துகிற பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நானே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன், இன்றுவரை.

"ஜெசிந்தா! டீச்சர் பொண்ணு பேசுற பேச்சாடி இது? 'என்ன இது'ன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

"குப்பத்துப் பசங்களுக்குப் புரியிற மாதிரி பேசுறேம்மா."

"அவங்களுக்கு 'என்ன'ன்னா புரியாதா?"

"புரியும்மா. ஆனா சிரிப்பு வராது."

அதை அழிக்கச் சொன்னார். நீ அழிக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் இணையத்தில் திறந்து போட்டாய். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மாற்றலாம். விற்கக்கூடச் செய்யலாம். இரண்டே நிபந்தனை: செய்தவள் பெயரை அழிக்கக் கூடாது, மேற்கொண்டு என்ன சேர்த்தாலும் அதையும் இதே மாதிரி எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

அதற்கு நாம் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மயிலாப்பூர் டீக்கடையில், தெப்பக்குளம் பக்கம், மாஸ்டர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா குடுக்காதடி. எவனாவது மூட்டை கட்டி வித்துருவான்," என்றேன்.

"விக்கட்டும். பூட்டாம இருந்தா போதும்."

"எங்க வீட்டு வாடகை பூட்டு போட்ட சாஃப்ட்வேர்லதான் ஓடுது, மேடம். உங்கள மாதிரி தர்மம் பண்ண எங்களுக்கு வசதி இல்ல."

"எங்க வீடும் வாடகை வீடுதான் மச்சி."

அது உண்மை. ஆனாலும் நான் சொன்னதும் பொய் இல்லை. பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஓடுகிற ஒவ்வொன்றின் அடியிலும் உன்னைப் போல யாரோ சும்மா கொடுத்தது கிடக்கிறது. கொடுத்தவர்கள் பெயர் வரவேற்பறையில் எங்கும் மாட்டியிருக்காது. காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம் வரும், ஜன்னலை மூடிவிட்டு ஏசியைக் கூட்டுவார்கள். அந்தக் கட்டடங்களில் ஒன்றில்தான் எனக்கும் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் போடுகிற சாஃப்ட்வேர்.

அந்த மழைக்காலத்தில் உங்கள் சந்தில் தேங்கிய தண்ணீர் போகவே இல்லை. எங்கள் ஆபீஸ் வாசலில் தேங்கியதை அன்றே மோட்டார் வைத்து எடுத்தார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தது. இதற்கு மேல் அதை எழுத வரவில்லை.

லிஃப்டுக்குத் திரும்புகிறேன்.

கடைசியில் பட்டுப் புடவைத் தளத்தில் இறங்கினேன். அம்மா திட்டிக்கொண்டே ஒரு மயில்கழுத்து நிறத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தரையிலிருந்து கூரை வரை புடவை. மேலே ஸ்பீக்கரில் நீ பேசிக்கொண்டிருந்தாய். புது வரவு, எந்தத் தளத்தில் என்ன தள்ளுபடி. எனக்குத் தலை லேசாகிவிட்டது. ஏதோ அந்தக் கடை முழுவதுமே டீச்சரின் பீரோ மாதிரியும், நீ எங்கேயோ நடுவில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிற மாதிரியும், புடவைகளை விலக்கிக்கொண்டே போனால் உன் முதுகு தெரியும் போலவும் இருந்தது. நிஜமாகவே ஒரு புடவையை விலக்கினேன். பின்னால் இன்னொரு புடவை.

கல்லாப் பக்கம் ஒரு பெண் அறிவிப்பை டைப் செய்துகொண்டிருந்தாள். அவள் டைப் செய்வதை நீ வாசிக்கிறாய் என்று புரிந்தது. போனில் வந்த வாசகத்தை அப்படியே ஒட்டியிருப்பாள் போல. வாசகத்தின் முடிவில் ஒரு சிவப்பு இதயம் இருந்திருக்கும்.

"உங்கள் மனம் கவர்ந்த கல்யாணப் பட்டு, நமது கடையில் மட்டுமே," என்றாய். ஒரு கணம் நின்றாய். "இன்னாது இது?"

தளம் முழுக்கத் தலைகள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின. அப்புறம் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். புடவை விரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து கடைக்கார அண்ணாச்சி வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தார்.

"ஏல, மைக்குல எவ பேசுனது?"

"யாரும் பேசல அண்ணாச்சி, மெஷின்தான்," என்றாள் அந்தப் பெண்.

"மெஷினு இன்னாதுன்னு கேக்குமா? அதுவும் பட்டப் பாத்து? அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போனப் போடு. திருநெவேலிக்காரன் கடையில மெட்ராசு பாசை பேசுதுன்னு சொல்லு!"

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மயில்கழுத்துப் பட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா பதறிப்போய், "புடிக்கலன்னா வேற எடுக்கலாம்டி," என்றாள்.

வெளியே வரும்போது லிஃப்ட் பொத்தான்களுக்குக் கீழே ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் பார்த்தேன். என் கம்பெனி பெயர்.

எனக்குத் தெரியவே தெரியாது ஜெசி. நான் ஒரு மாடியில், குரல் செய்கிறவர்கள் வேறு மாடியில். திங்கட்கிழமை முதல் வேலையாக அவர்கள் மேனேஜரிடம் போனேன். வினோத் என்று பெயர். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. எனக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"அது நம்ம ஸ்டூடியோ வாய்ஸ்ங்க, செல்வி. பிரீமியம் புராடக்ட்."

"ஸ்டூடியோவுல 'இன்னாது இது'ன்னு யார் சார் பேசினது?"

அவர் காபியைக் கீழே வைத்தார். உன் பெயரை அழித்திருந்தார்கள். நிபந்தனைகள் எழுதியிருந்த பக்கத்தையே தூக்கியிருந்தார்கள். 'ஒன்பது'க்குப் பின்னால் இருந்த மணியைக்கூடத் துடைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு நடுவே, எப்போதாவது மட்டும் வெளியே வரும் அந்த ஒரு கேள்வி அவர்கள் காதில் விழவே இல்லை.

"ஓப்பன் சோர்ஸ்தானேங்க. யார் வேணா எடுத்துக்கலாம்னுதானே போட்டிருந்தாங்க? எல்லாக் கம்பெனியும் எடுக்குது."

"எடுத்துக்கலாம் சார். பேரை அழிக்கலாம்னு போடல. நீங்க சேர்த்ததையும் திறந்து வைக்கணும்னு போட்டிருக்கு."

"எங்க டீம் இதுல எவ்வளவு உழைச்சிருக்கு தெரியுமா? அதை எப்படிச் சும்மா குடுக்கறது?"

"அவ சும்மா குடுத்ததைச் சும்மா எடுத்தீங்களே சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, வழி கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி முகம் தெளிந்தது. குரலின் உரிமை இப்போது உன் அம்மாவுக்குத்தானே? அவரிடம் ஒரு கையெழுத்து. குரல் கம்பெனிக்கு மட்டும் சொந்தம். இணையத்தில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு ஒரு நல்ல தொகை. "நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும், செல்வி. உங்க வேலைக்கும் அது நல்லது." கடைசி வாக்கியத்தை மிகவும் மெதுவாகச் சொன்னார்.

நான் முடியாது என்று எழுந்து வந்திருப்பேன் என்று நினைப்பாய். வரவில்லை. டீச்சர் தனியாக இருக்கிறார். ஓய்வு பெறும் வயது நெருங்குகிறது, வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வரும் பணத்தை, என் கொள்கைக்காக, அவரைக் கேட்காமலே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சும்மா கொடுப்பதைப் பற்றி வயிறு நிறைந்தவர்கள் பேசும்போது எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் இப்போது என்னைப் பார்த்தே வந்தது.

முதலில் சரவணனைப் பார்க்கப் போனேன். இப்போது அதே கல்லூரியில் மேல்படிப்பு. மைதானத்து ஓரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கம்பெனிக் குரலை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டான்.

"நல்லா கீதுக்கா," என்றான். "பொய் சொல்ல மாட்டேன். நம்மளத விட ஸ்மூத்தா கீது. ஒட்டுப் போட்ட எடமே தெரியல."

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. "அப்போ கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா?"

"இரு, இரு. 'பயம்' எப்பிடிப் படிக்குதுன்னு பாக்கலாம்."

உனக்குத் தெரியும், நம் எழுத்தில் ஒரே ப-தான். பல்லுக்கும் அதே ப, பலூனுக்கும் அதே ப. ஆள் வாசித்தால் சரியாக வாசிப்பான், மெஷினுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். பஸ், பஜ்ஜி, பாக்கியம் என்று ஊர் ஊராக ஆட்கள் திருத்தம் எழுதி அனுப்புவார்கள், நீ சரிசெய்து போடுவாய், அடுத்த நாள் எல்லாருக்கும் சரியாகிவிடும். 'பயம்' மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது. கம்பெனிக் குரலும் அதைப் பல்லின் ப போட்டே வாசித்தது. தப்பையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

"இத நான் யாராண்ட போய் சொல்றது?" என்றான். "கஸ்டமர் கேர் ஆண்ட்டியாண்டயா?"

பிறகு ஒரு சிரிப்புப் பொம்மைக் குறியை வாசிக்கவைத்தான். அண்ணாச்சியின் புகாருக்குப் பிறகு வினோத்தின் ஆட்கள் உன் கேள்வியை எடுத்துவிட்டிருந்தார்கள். குரல் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனது. சரவணன் ஹெட்போனைக் கழற்றினான்.

"பாத்தியா? முழுங்கிடுச்சு. தெரியாதத முழுங்குற குரல நான் எப்பிடிக்கா நம்புறது? நம்ம ஜெசிக்கா கேக்கும்." அப்புறம், "ஆனா டீச்சருக்கு துட்டு வேணும்னா போடட்டும்கா. அவங்க பொண்ணு. நான் பழைய மெரட்டுற ஆளாண்டயே போறேன், இன்னா இப்போ," என்று எழுந்துவிட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீச்சர் வந்ததும் வினோத்தை அழைத்துக்கொண்டு போனேன். உன் வீட்டில் எதுவும் மாறவில்லை. பீரோ அதே இடத்தில். உன் போட்டோவுக்கு முல்லை போட்டிருந்தார். நான் டீச்சரிடம் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. இவர் ஜெசி குரலைக் கேட்டு வந்திருக்கிறார், நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்கள் என்றேன்.

வினோத் மரியாதையாகப் பேசினார். பேசிவிட்டு லேப்டாப்பைத் திறந்து, "உங்களுக்காகவே ஒண்ணு செஞ்சு கொண்டு வந்திருக்கேன், மேடம்," என்றார். பொத்தானை அழுத்தினார்.

உன் குரல். அந்த அறையில். "அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

டீச்சர் அசையவில்லை. நான் அவரைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எழுந்தேன். அவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"யாரு சார் இது?"

"உங்க பொண்ணு மேடம்."

"என் பொண்ணு என்னை 'நீங்க'ன்னு கூப்பிட்டதே இல்ல. வாசல்ல செருப்பக் கழட்டும்போதே 'துன்னியாம்மா'ன்னு கேப்பா. நான் திட்டுவேன். மறுநாளும் அதான் கேப்பா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ யாரோ நல்லா வளந்த பொண்ணு. பேப்பரக் குடுங்க."

ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் டீச்சர் விடைத்தாள் வாசிப்பது மாதிரி விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"இலவசமா இருக்கறத எடுத்துடணும்னு போட்டிருக்கே, செல்வி. அப்புறம் சரவணன் எதக் கேப்பான்?"

"அவங்களுக்கெல்லாம் நாங்க டிஸ்கவுன்ட் தருவோம் மேடம்," என்றார் வினோத்.

டீச்சர் மறுபடி பேப்பரைப் பார்த்தார். அந்த வரியின் மேல் விரலை வைத்தார். என் பள்ளிக்கூட நாட்களிலிருந்து எனக்குத் தெரிந்த, ஒரு சொல்லைக்கூடக் கொச்சையாகப் பேசாத அந்த வாய் திறந்தது.

"இன்னாது இது?"

வினோத் பாவம், அர்த்தம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "அது வந்து மேடம், அந்தக் கண்டிஷன்ல என்ன சொல்றாங்கன்னா," என்று விளக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பேப்பரை நான்காக மடித்து, வினோத்தின் சட்டைப் பையில் தானே வைத்துவிட்டார்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பாய். ஜெயித்தோம் என்று சொல்ல ஆசைதான். கையெழுத்து இல்லாமல் உன் குரலை வைத்திருக்க வேண்டுமானால் அவர்கள் சேர்த்ததையும் திறந்து வைக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யவில்லை. உன்னையே கழற்றிவிட்டார்கள். அந்த நல்ல வேலைப்பாடு, ஒட்டே தெரியாத அந்த அழகு, ஏதோ ஒரு பூட்டுக்குள் கிடக்கிறது. யாருக்கும் பயன் இல்லை, அவர்களுக்கும் இல்லை. கொடுப்பதைவிட வீணாக்குவது அவர்களுக்குச் சுலபம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னிடம், உங்களுக்குத் தர இப்போது பிராஜெக்ட் எதுவும் இல்லை என்றார்கள். அப்புறம் வேலையும் இல்லை என்றார்கள். இப்போது மேற்கு மாம்பலத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில், மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். அதுவும் பூட்டு போட்டதுதான், முறைக்காதே. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மின்சார ரயில் சத்தத்தில் மேசை ஆடும்.

தி.நகர் லிஃப்டில் இப்போது வேறு ஒரு பெண் பேசுகிறாள். ஒரு தரம் போய்க் கேட்டேன். யாராக இருக்கும்? அவளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? சில நாள் கனவில் அந்த லிஃப்டில் ஏறுகிறேன். பட்டுப் புடவைகள் தாண்டி, உணவகம் தாண்டி மேலே போகிறது. கதவு திறந்தால் பட்டினப்பாக்கம் மணல். "கடற்கரைத் தளம்," என்கிறாய். காற்று அடிக்கிறது. கதவுகளைக் கவனிக்கவும் என்று மட்டும் நீ சொல்வதில்லை. அதனால் கதவு மூடுவதே இல்லை.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு டீச்சரும் நானும் உன்னிடம் வந்தோமே, நீ பார்த்தாயா? சரவணனும் வந்தான். புல்லைப் பிடுங்கி, கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினோம். டீச்சர் இப்போது உன் குரலைப் போனில் வைத்திருக்கிறார். கண் மங்குகிறது, பங்கு வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் நீதான் வாசித்துக் காட்டுகிறாய். "இன்னும் 'பயம்' தப்பாத்தான் படிக்கிறா," என்று எனக்கு அடிக்கடி புகார் வரும்.

அன்றைக்குச் சாயங்காலப் பூசைக்கான அறிவிப்பு வந்தது. டீச்சர் போனைத் தொட்டார். உன் கல்லறையின் மேல், உன் குரல்.

"இறந்தோர் நினைவுத் திருப்பலி, மாலை," என்று ஆரம்பித்து, முடிவில் நின்றாய். அறிவிப்பின் கடைசியில் ஒரு சின்னச் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள்.

"இன்னாது இது?" என்றாய்.

பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரவணன் உதட்டைக் கடித்துக்கொண்டான். டீச்சர் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி போனுக்குச் சொன்னார்.

"சிலுவைடி. சிலுவை."

வீட்டுக்குப் போனதும் அதை எழுதி எனக்கு அனுப்பினார். கூடவே 'பயம்', பலூனின் ப என்றும். நான் சேர்த்தேன். திருத்தம் அனுப்பியவர்கள் பெயர் வரிசையில், உன் பெயருக்குக் கொஞ்சம் கீழே, இப்போது உன் அம்மா பெயர் இருக்கிறது. நீ அந்தப் புடவைகளுக்கு நடுவே 'சிலுவை' என்று ஒரு முறைகூட வாசிக்கவில்லை. சி எங்கிருந்தோ வந்தது, லு எங்கிருந்தோ, வை வேறெங்கிருந்தோ. ஒட்டு தெரிகிறது. ஆனால் சொல்கிறாய்.

டீக்கடையில் நாம் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை. சும்மா கொடுப்பவர்களை இந்த ஊர் மென்று துப்பும் என்று இப்போதும் சொல்வேன். நீ பூட்டாமல் இருந்தால் போதும் என்பாய். ஆனால் ஒரு வாக்கு தருகிறேன். யார் வந்து கேட்டாலும், எவ்வளவு அழகாகக் கேட்டாலும், அந்தக் கேள்வியை உன் வாயிலிருந்து எடுக்க விடமாட்டேன். புதுக் குறிகள் வந்துகொண்டேதான் இருக்கும். தெரியாதது வந்தால் முழுங்காதே. வெட்கப்படாமல் கேள். பதில் சொல்ல இங்கே ஆள் இருக்கிறோம்.

கூடப் பிறக்காமல், கூடச் சண்டை போட,
உன் மச்சி
செல்வி